சான்றிதழில் யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிப்ளமோ, டிகிரி, இன்ஜினியரிங் ரிசல்ட் எல்லாம் வருகிற இந்த நேரத்தில் சேலம் புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ஐந்து ரோட்டிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'நெட்வொர்க்கிங் படியுங்கள், உடனே வேலை' என்ற போர்டுதான் கண்ணில் படுகிறது. நான் இருபது வருஷமாக இந்த ஊரில் நெட்வொர்க் வேலை செய்து பிழைக்கிறவன். சேகோ ஃபேக்டரி, கல்லூரி, மருத்துவமனை, ஏற்காட்டில் தங்கும் விடுதிகள் என்று கேபிள் இழுக்காத இடம் குறைவு. என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகனும் என் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மா வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறவர். பையன் டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் ஆகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் லேமினேட் செய்த ஐந்து சான்றிதழ்கள். "ஆறு மாசம் படிச்சானுங்க சார். எண்பத்தஞ்சாயிரம் கட்டுனோம், நகையை வச்சுத்தான் கட்டுனோம். எங்க போனாலும் ஃபைலைப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடறாங்க. என்னன்னு நீங்களாவது பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். ஒரு தாளில், நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோ கம்பெனி சான்றிதழின் பெயரான சி.சி.என்.ஏ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'பயிற்சி நிறைவு'. கையெழுத்து அந்தப் பயிற்சி மையத்தின் இயக்குநருடையது, முத்திரையும் அவர்களுடையதே. மற்ற நான்கும் அதே மாதிரி. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பையனுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அவனிடமும் யாரும் வித்தியாசத்தைச் சொல்லவில்லை. தான் சி.சி.என்.ஏ. முடித்தவன் என்றே அவன் உண்மையாக நம்பிக்கொண்டிருந்தான்.

மேஜை மேல் ஒரு வாடிக்கையாளரின் லேப்டாப் இருந்தது, நெட் வரவில்லை என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நெட்வொர்க்கில் அந்த லேப்டாப்புக்கு உள்ள எண்ணை, அதாவது ஐ.பி. முகவரியை, எடுத்துக் காட்டினேன். 169.254 என்று ஆரம்பித்தது. இதை வைத்து என்ன சொல்வாய் கண்ணு என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நெட் கம்பெனிக்குப் போன் போடணுங்க சார்" என்றான். விஷயம் இதுதான்: முகவரி கொடுக்க வேண்டிய டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர் தானாக 169.254 வரிசையில் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, கேபிளையும், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் கேபிள் செருகும் போர்ட்டையும், ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலானையும், டி.எச்.சி.பி.யையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இந்தத் தொழிலில் முதல் மாதத்திலேயே பழகிவிடுகிற சங்கதி இது. நெட்வொர்க் வேலை செய்வதை ஏழு படியாகப் பிரித்துச் சொல்லும் ஓ.எஸ்.ஐ. அடுக்கு ஏழையும் அவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன், பத்துப் பக்கத்துக்கு ஃப்ரேம் ரிலே என்ற பழைய தொலைதூர இணைப்பு முறையைப் பற்றி எழுதியிருந்தது. அது சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. லேப்பில் எத்தனை ஸ்விட்ச் இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணுங்க சார். நாங்க இருபத்தெட்டுப் பேர். தொட விட மாட்டாங்க, சார்தான் செஞ்சு காட்டுவார்."

பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவனுக்கு எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பெற்றோர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பயிற்சி வேறு, தேர்வு வேறு. சி.சி.என்.ஏ. என்பது சிஸ்கோ கம்பெனி 1998 முதல் கொடுத்துவரும் சான்றிதழ். அதற்கான தேர்வை பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும், வீட்டிலிருந்து கேமரா முன்னால் எழுதவும் வழி உண்டு. இப்போதுள்ள தேர்வின் எண் 200-301. முன்பு ரூட்டிங்குக்கு ஒன்று, செக்யூரிட்டிக்கு ஒன்று, வயர்லெஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த சி.சி.என்.ஏ.க்களை 2020 பிப்ரவரியில் பெரும்பாலும் இந்த ஒரே தேர்வாக மாற்றிவிட்டார்கள். இரண்டு மணி நேரத் தேர்வு. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி வரும். தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் சிஸ்கோவின் பெயரில் வரும், மூன்று வருஷம் செல்லும். வேலை கொடுக்கிறவர் அது உண்மையா என்று ஆன்லைனில் சரிபார்த்துக்கொள்ளலாம். எந்தப் பயிற்சி மையமும் தன் கைப்பட சி.சி.என்.ஏ. கொடுக்க முடியாது. அவர்கள் சொல்லித்தரலாம், அதற்குக் கட்டணமும் வாங்கலாம், அதில் தவறே இல்லை. ஆனால் 'ஃபீஸில் தேர்வுக் கட்டணம் சேர்த்தியா, இல்லையா' என்ற ஒரு கேள்வியை அந்த அம்மா அன்றைக்குக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும்.

இந்தத் தேர்வு எழுதுவதற்கு எந்தப் பட்டமும் கேட்பதில்லை, எந்த மையத்தில் படித்தாய் என்றும் கேட்பதில்லை. சொந்தமாகப் படித்துவிட்டு நேராகப் போய் எழுதலாம். இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது இந்த 'பேக்கேஜ்'. சி.சி.என்.ஏ., அதற்கு மேற்படியான சி.சி.என்.பி., அதற்கும் மேலான சி.சி.ஐ.ஈ. மூன்றும் சேர்த்து ஆறே மாதத்தில் என்று துணிந்து போர்டு வைக்கிறார்கள், கூடவே கிளவுட், எத்திக்கல் ஹேக்கிங். சி.சி.ஐ.ஈ. என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் போர்டைப் பார்த்தாலே வயிறு எரியும். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு முழு நெட்வொர்க்கை வடிவமைத்து, கட்டி, கோளாறு கண்டுபிடித்துக் காட்ட வேண்டிய லேப் தேர்வு அது. ஐந்து முதல் ஏழு வருஷ அனுபவம் இருந்தால் நல்லது என்று சிஸ்கோவே சொல்கிறது. சி.சி.என்.பி.க்கு மூன்று முதல் ஐந்து வருஷம். படித்து முடித்த கையோடு ஒரு பையன் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு வந்தால், எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஒரு ஸ்விட்ச்சைக்கூடத் தனியாக ஏற்றி வைக்காதவனுக்கு சி.சி.என்.பி. எதற்கு? ஒன்றே ஒன்று, சி.சி.என்.ஏ. மட்டும், ஒழுங்காகப் படித்து எழுதட்டும். பிறகு ஒன்றிரண்டு வருஷம் வேலை பார்க்கட்டும். அடுத்தது என்ன என்பது வேலையிலேயே தெரிந்துவிடும்.

'டம்ப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருட்டுத்தனமாக வெளியே வந்த கேள்வி பதில்களின் தொகுப்பு. சில இடங்களில் கடைசி மாதம் இதை மனப்பாடம் செய்ய வைப்பதைத்தான் 'எக்ஸாம் பிரிபரேஷன்' என்று சொல்கிறார்கள். தேர்வுக்கு முன்னால் கேள்விகளை வெளியே பகிர மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும், மீறியது தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்வார்கள், மறுபடி எழுதவும் தடை போடுவார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். டம்ப்ஸ் படித்துப் பாஸான பிள்ளை வேலையில் சேர்ந்த முதல் வாரமே மாட்டிக்கொள்ளும்.

ஏன் மாட்டிக்கொள்ளும் என்பதற்கு ஏற்காட்டில் நடந்த ஒரு சம்பவம். சில வருஷம் முன்பு, மே மாத சீசன், ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். லூப் ரோட்டில் ஒரு விடுதி, ரூம் எல்லாம் ஃபுல், திடீரென்று ஒட்டுமொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது, பில் போட முடியவில்லை, கேமரா வேலை செய்யவில்லை. பனியில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. ஸ்விட்ச்சைப் பார்த்தேன். அத்தனை விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தமாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததுமே எங்கேயோ லூப், அதாவது கேபிள் சுற்றி வந்து அதே இடத்தில் சேர்கிற வளையம், விழுந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச், எட்டு போர்ட். யாரோ கீழே கிடந்த ஒரு கேபிளைப் பார்த்து, பாவம் கழன்று விட்டது போலிருக்கிறது என்று நல்ல எண்ணத்தில் செருகியிருக்கிறார்கள். அதன் இன்னொரு முனை ஏற்கெனவே அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. ஒரு செய்தி உள்ளே போனால் சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் வேறு எதற்கும் இடம் இருக்காது. கேபிளைப் பிடுங்கினேன், ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

இதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு. ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனியில் வேலை பார்க்கும்போது உருவாக்கியது. சி.சி.என்.ஏ. பாடத்தில் கட்டாயம் வரும். நோட்டில் அதன் விளக்கத்தை எழுதிவைத்த பிள்ளைகள் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆனால் அந்த விளக்கு மின்னுவதை ஒருதரம் கண்ணால் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. லேப்பில் ஒரு பழைய ஸ்விட்ச்சில் வேண்டுமென்றே லூப் போட்டுக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். அதே மலையில் இன்னொன்று, இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்து வைத்திருந்தார்கள், இடி இடித்த ஒரு சாயங்காலம் இரண்டு பக்கத்து ஸ்விட்ச்சும் போய்விட்டன. கண்ணாடி இழையான ஃபைபராக இருந்திருந்தால் அந்த வழியாக மின்சாரம் பாய்ந்திருக்காது. இதெல்லாம் இருபத்தெட்டுப் பேர் ஒரு ஸ்விட்ச்சை எட்டி நின்று பார்க்கிற வகுப்பில் வராது.

சரி, அப்படியானால் எப்படித்தான் படிப்பது? காசு அதிகம் வேண்டாம். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள், நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் பதிவு செய்தால் இலவசம். ரூட்டர், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாம் திரையிலேயே வைத்து இணைத்துப் பார்க்கலாம், உடைந்தால் நஷ்டம் இல்லை. இதே மாதிரியான ஜி.என்.எஸ்.3 மென்பொருளும் இலவசம்தான், ஆனால் அதற்குக் கொஞ்சம் தெம்பான கம்ப்யூட்டர் வேண்டும். வயர்ஷார்க் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் கேபிளில் ஓடுவது என்ன என்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்துப் பார்க்கலாம், அந்த டி.எச்.சி.பி. கேட்பதும் கொடுப்பதும் நாலே வரியில் கண்முன்னால் தெரியும். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் நெட்வொர்க் பாடங்கள் இருக்கின்றன, பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. யூடியூபில் தமிழிலேயே நன்றாகச் சொல்லித்தருகிறவர்கள் உண்டு. புரிந்துகொள்வது தமிழில் இருக்கட்டும், அதுதான் ஆழமாக நிற்கும். ஆனால் சி.சி.என்.ஏ. கேள்வித்தாள் தமிழில் இல்லை. அதனால் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். கேள்வி புரியாமல் கோட்டை விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு விடை தெரியும்.

சப்நெட்டிங்கை, அதாவது ஒரு முகவரி வரிசையைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரிக்கிற கணக்கை, கையால் போட்டுப் பழகுங்கள். தினமும் பத்துக் கணக்கு, பேப்பரும் பேனாவும் போதும். சூரமங்கலம் பக்கம் ஒரு மருத்துவமனை, 192.168.10.0 என்ற வரிசையை நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள், எங்கள் பாஷையில் ஸ்லாஷ் 26. ஒவ்வொன்றிலும் 64 முகவரி, அதில் கம்ப்யூட்டருக்கு வைக்க முடிந்தது 62. பில்லிங் கவுன்டரில் புதிதாக வைத்த கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளியே போகவே வழியில்லை. போட்டிருந்த முகவரி 70-ல் முடிகிறது, வெளியே போகும் வாசலான கேட்வே 1-ல் முடிகிறது. முதல் பகுதி 0 முதல் 63 வரை, இரண்டாவது 64 முதல் 127 வரை. 70 இரண்டாவது வீட்டில் இருக்கிறது, அதற்கு முதல் வீட்டின் வாசலைக் காட்டினால் எப்படி வெளியே போகும்? கணக்குத் தெரிந்தவனுக்கு இது பத்து விநாடி. தெரியாத ஒருவர் காலையிலிருந்து விண்டோஸை இரண்டு தடவை அழித்து அழித்துப் போட்டிருந்தார்.

அப்புறம், கிரிம்பிங், அதாவது கேபிள் முனையில் பிளக் பொருத்துவது. இன்ஜினியரிங் படித்தவர்கள் இதைக் கேவலமாக நினைக்கிறார்கள், நினைக்கக் கூடாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. எட்டுக் கம்பியையும் இந்த வரிசையில் நேராகப் பிடித்து, முனையைச் சமமாக வெட்டி, ஆர்.ஜே.45 என்ற அந்தப் பிளக்குக்குள் கடைசி வரை தள்ளி, மேலுறையும் உள்ளே போன பிறகு அழுத்த வேண்டும். செம்புக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் நான் பார்க்கிற கோளாறுகளில் பாதிக்கு மேல் கேபிளில்தான் இருக்கிறது, ரூட்டரில் இல்லை.

எந்தச் சான்றிதழ் என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் நல்ல தேர்வு, எந்தக் கம்பெனியின் கருவியையும் சாராமல் அடிப்படையைச் சோதிக்கிறது, 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி. ஆனால் நம் பக்கத்தில் வேலை கொடுக்கிறவர்களிடம் சி.சி.என்.ஏ. என்ற பேர்தான் எடுபடுகிறது, அதனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதற்கே போகச் சொல்வேன். கூடவே லினக்ஸ் கொஞ்சம், பைத்தான் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும், இப்போது சி.சி.என்.ஏ.யிலேயே பத்து சதவீதம் ஆட்டோமேஷன் வருகிறது. நெட்வொர்க்குக்குக் காவலான ஃபயர்வால் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் ஃபோர்டிநெட் கம்பெனியின் இலவச ஆன்லைன் பாடங்களைப் பார்க்கலாம். கிளவுட் சான்றிதழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐ.பி. முகவரி புரியாமல் கிளவுடில் நெட்வொர்க் அமைக்கப் போனால் அங்கேயும் இதே சப்நெட்தான் வழிமறிக்கும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏணி ஏறும் வேலை, ராத்திரி வேலை என்று தயங்குகிறீர்கள். என்னிடம் ஓமலூரிலிருந்து வரும் ஒரு பெண் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார், ஸ்விட்ச் கான்ஃபிகரேஷனில் எங்கள் ஆட்களில் அவருக்கு இணை இல்லை. ஆபீஸில் உட்கார்ந்தபடியே எட்டு இடத்து நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் பிறகும் வகுப்புக்குப் போய்ப் படித்தால்தான் எனக்குப் படியும் என்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அதுவும் நியாயம்தான். அப்படியானால் பணம் கட்டுவதற்கு முன்னால் லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஸ்விட்ச், எத்தனை ரூட்டர், நாங்களே தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எந்தத் தேர்வு எண்ணுக்குச் சொல்லித்தருகிறீர்கள் என்று கேளுங்கள், 200-301 என்று சட்டென்று சொல்லாமல் இழுத்தால் யோசியுங்கள். பாடம் எடுப்பவர் தேர்ச்சி பெற்றவரா, அவருடைய சான்றிதழை ஆன்லைனில் காட்ட முடியுமா? போன வருஷம் படித்தவர்களில் உண்மையான தேர்வை எழுதியவர்கள் எத்தனை பேர், அதில் இரண்டு பேரிடம் நாங்கள் பேசலாமா? 'நூறு சதவீதம் வேலை' என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா, பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்ப வருமா? இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிற இடம் நமக்கு வேண்டாம். நன்றாகச் சொல்லித்தருகிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் இந்த மாதிரி மையங்களின் விளம்பரம் வரும் நாட்களில், மேலே சொன்ன கேள்விகளை ஒரு கட்டம் கட்டிப் பக்கத்திலேயே போடுங்கள். நாலு வரிக்கு மேல் வராது. இந்தப் பகுதிப் பாலிடெக்னிக்குகளுக்கும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கும் கேட்டுக்கொள்வது, சனிக்கிழமை பூட்டிக் கிடக்கும் உங்கள் நெட்வொர்க் லேப்பை முன்னாள் மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். யார் கூப்பிட்டாலும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து சொல்லித்தர நான் தயார், பணம் வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது சாயங்காலம் என் கடைக்கு வருகிறான். முதல் வாரம் கிரிம்ப் செய்த பதினொரு முனையும் டெஸ்டரில் தோற்றன, பச்சையும் நீலமும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இப்போது பத்தில் ஒன்பது சரியாக வருகிறது. போன வியாழக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் நெட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், அவனையும் அழைத்துப் போனேன், லேப்டாப்பைத் திறந்ததும் "169 வருதுங்கண்ணா, கேபிளை முதல்ல பார்த்துடலாம்" என்று அவனே சொன்னான். அடுத்த தை மாதத்துக்குள் தேர்வு எழுதிவிட வேண்டும் என்று தேர்வுக் கட்டணத்துக்கு மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார்கள். அம்மாவின் நகையை இன்னும் மீட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் இன்ஜினியர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.